துத்தநாகத்தில் நான் வெட்டிய மூன்று எழுத்து

அறிக்கையின் தலைப்புக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்ற கவலை, இந்தப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு இல்லை. திரையில் இருக்கும் கட்டம், எழுத எழுத நீண்டுகொடுக்கிறது. நான் இந்த மரபணு ஆலோசனைப் பிரிவில் சேர்ந்தபோது, குடும்பங்களுக்குக் கொடுக்கும் தாள் அச்சடித்து வரும். மேலே ஒரு கட்டம், ஒரே வரி. அதைத் தமிழில் நிரப்பத்தான் என்னை எடுத்தார்கள். அதற்கு முன் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் பல வருடங்கள் தலைப்பு வெட்டிக்கொண்டிருந்தவன் நான். இடத்துக்கு ஏற்பச் சொல்லைக் குறைப்பது கைக்கு வந்த வேலை.

திருவனந்தபுரத்தில் எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தமிழ்க் குடும்பங்கள் நிறைய வரும். தெற்கு எல்லைப் பக்கத்து விவசாயிகள், தம்பானூர் ஓட்டல்களில் வேலை செய்கிறவர்கள், போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துக்காரர்கள். எல்லாரும் மலையாளம் பேசுவார்கள். கெட்ட செய்தியை மட்டும் தமிழில் கேட்க விரும்புவார்கள்.

சாந்திக்கு அப்போது இருபத்தொரு வயது. போனக்காட்டில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தாள். இரண்டு வருடத்தில் ஒரே மணிக்கட்டு இரண்டு முறை முறிந்தது. இரண்டு முறையும் அவள் விழவில்லை. கூடையைத் தூக்கினாள், அவ்வளவுதான். மூன்றாவதாக ஒரு நாள், கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தவள் மயங்கிச் சரிந்தாள். எலும்பு மருத்துவர் அவளை எங்களிடம் அனுப்பினார். நாடி மிக மெதுவாக இருப்பதாக ஒரு குறிப்பும் வைத்திருந்தார். ரத்தம் எடுத்து அனுப்பினோம்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் ஒரு முறை சொல்லிவிடுகிறேன். உடம்பில் துத்தநாகம் தானாகப் போய்ச் சேர்வதில்லை. செல்லுக்குள் அதைக் கொண்டுவரவும், வெளியே அனுப்பவும், செல்லின் உள்ளறைகளில் சேர்க்கவும் தனித்தனிப் புரதங்கள் இருக்கின்றன. அவற்றுக்கான குறிப்பு இருபதுக்கு மேற்பட்ட மரபணுக்களில் இருக்கிறது. எலும்பு கட்டும் செல்லில் உரிய அறைக்குத் துத்தநாகம் போய்ச் சேராவிட்டால் எலும்பு மெலியலாம். இதயத்துக்கும் அது வேண்டும். அந்த மரபணுக்களில் ஒன்றை நீக்கிய எலிகளுக்கு எலும்பு மெலிந்தது. துடிப்பு மந்தமாகிச் சில எலிகள் திடீரென்று இறந்தன. மனிதரைப் பற்றித் தெரிந்தது கொஞ்சம்தான்.

சாந்தியிடம் அப்படிப்பட்ட ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளிலும் மாற்றம் இருந்தது. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. அதுதான் காரணம் என்று பரிசோதனைக்கூடம் சொல்லவில்லை. பொருள் உறுதியாகாத மாற்றம் என்றுதான் எழுதியிருந்தது.

எங்கள் பிரிவின் தலைவி மலையாளி. என்னோடு தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். காகிதத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, "காரணம் பின்னே நோக்காம். ஹார்ட் இப்போ நோக்கணும்" என்றார்; காரணத்தை அப்புறம் பார்க்கலாம், இதயத்தை இப்போதே பார்க்க வேண்டும். ஒரு நாள் முழுவதும் துடிப்பைப் பதிவு செய்யும் சின்னப் பெட்டியை சாந்திக்குப் பொருத்த இரண்டு வாரம் தள்ளி நாள் கிடைத்தது. அந்த மயக்கம் இதயத்தால் வந்ததா என்று தெரிய வேண்டும். ஆம் என்றால், அடுத்த மயக்கத்திலிருந்து அவள் எழாமலும் போகலாம்.

தாளை எழுத உட்கார்ந்தேன். 'துத்தநாகக் கடத்தி மரபணுவில் பிறவி மாற்றம்' என்பது கட்டத்தில் அடங்கவில்லை. 'துத்த' என்பதை வெட்டினேன். மலையாளப் பள்ளிப் புத்தகத்தில் இந்த உலோகத்துக்கு நாகம் என்றே பெயர். சித்த மருந்துக் கடையிலும் அப்படிச் சொல்வார்கள். எனவே தவறில்லை என்று நினைத்தேன். 'மரபணு' என்ற சொல் அவர்களுக்கு எதற்கு என்று அதையும் எடுத்தேன். 'மாற்றம்' என்பது 'குறை' ஆயிற்று. கடைசியில் வரி இப்படி அமைந்தது: 'நாகம் கடத்துவதில் பிறவிக் குறை, எலும்பு, இதயம் கவனம்.' கட்டத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. எனக்குத் திருப்தியாக இருந்ததையும் சொல்லிவிட வேண்டும்.

தாளை வாங்க சாந்தியின் அப்பா முருகையா தனியாக வந்தார். மத்தியான பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இருந்தார். பத்து நிமிடம் பேசினேன். எழுதியதையே வாயாலும் சொன்னேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தாளை வாங்கியதும் நெற்றியில் ஒற்றிக்கொண்டார். கவனித்தேன். ஏன் என்று கேட்கவில்லை. கண் பார்த்ததை வாய் விசாரிக்காமல் விட்ட நாட்கள் எல்லாருக்கும் உண்டு. இந்த வேலையில் அவை குறைவாக இருக்கட்டும்.

குறித்த நாளில் அவர்கள் வரவில்லை. இரண்டு நாள் கழித்து முருகையா போனில் கிடைத்தார். மலையடிவாரத்து வித்துரா சந்தையில் நின்றுகொண்டிருந்தார். மேலே தோட்டத்தில் ரேஞ்ச் கிடைப்பது அபூர்வம்.

"பிள்ளை விரதத்துல இருக்கா சாரே. நாப்பத்தொரு நாளு. ஒரு நேரச் சாப்பாடு. அது முடியாம மலை இறங்கக்கூடாதுன்னு பெரியவங்க சொல்லியிருக்காவ."

"என்ன விரதம்? அவள் பட்டினி கிடக்கக் கூடாதே!"

"என்ன சாரே இப்படிக் கேக்குதீய? நீங்க எழுதித் தந்ததுக்குத்தானே விரதம்?"

சந்தை இரைச்சலில் இணைப்பு அறுந்தது.

தலைவியின் அறைக்குப் போய், அந்தக் குடும்பம் வைத்தியத்தை மறுக்கிறது என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. தாளின் நகலைக் கொண்டுவரச் சொன்னார். அவருக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது.

"உறக்கெ வாசிக்கணும், பத்திரக்காரா" என்றார். என் பழைய வேலையைச் சொல்லி அப்படித்தான் கூப்பிடுவார். சத்தமாக வாசித்தேன்.

"ஒண்ணுகூடி."

மறுபடி வாசித்தேன். மூன்றாம் முறை 'நாகம்' என்ற இடத்தில் என் குரல் நின்றுவிட்டது. உலோகம் எங்கும் இல்லை. பாம்பு இருந்தது. பாம்பை யாரோ இடம் கடத்தியிருந்தார்கள். அந்தக் குறை பிறவியிலேயே வந்திருந்தது. எலும்பையும் இதயத்தையும் பிடித்திருந்தது. நான் எழுதியது மருத்துவ அறிக்கை அல்ல, ஒரு குறி சொல்லும் வரி.

தலைவி சிரிக்கவில்லை. "பத்திரத்தில தெற்று வந்தா என்ன செய்வீங்க?" என்று நாளிதழ்ப் பிழையைப் பற்றிக் கேட்டார்.

"மறுநாள் உள்பக்கத்தில் ஒரு மூலையில் திருத்தம் போடுவோம்."

"அதை ஆரு வாசிக்கும்?"

மறுபடி போன் செய்து விளக்கிவிடலாம் என்று நினைத்தேன். அவர் வேறு விதமாகப் பார்த்தார். பிழை எந்த வாசல் வழியாக உள்ளே போயிற்றோ, திருத்தமும் அதே வாசலில் போய் நிற்க வேண்டும். இதயப் பரிசோதனை நடக்கும் எக்கோ அறையில் வேலை செய்யும் ஷைனியைக் கூப்பிட்டு, பதிவுப் பெட்டியோடு மறுநாள் காலை என்னுடன் மலைக்குப் போகச் சொன்னார்.

தம்பானூரிலிருந்து முதல் பஸ். வித்துரா தாண்டியதும் மூடுபனி சன்னலுக்கு வந்துவிட்டது. ஷைனி பெட்டியைச் சோற்றுப் பையில் வைத்து மடியில் பிடித்திருந்தாள். நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். மரங்கள் வருவதும் வெண்மைக்குள் போவதுமாக இருந்தன. ஒரு வளைவில் சாலையே இல்லை. பஸ் எதன் மேல் ஓடுகிறது என்று தெரியவில்லை. நான் இத்தனை நாள் எழுதிய தலைப்புகள் எல்லாம் இப்படித்தான் போய்ச் சேர்ந்தனவா, எந்த வீட்டில் எந்தச் சொல் என்னவாக மாறியதோ என்று அரைக் கனவில் ஓடிக்கொண்டிருந்தது. கண்டக்டர் தோளைத் தட்டி, "போனக்காடு எத்தி" என்றார்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளை அங்கே லயம் என்பார்கள். மூன்றாவது லயத்தில் கடைசி வீடு. சாந்தி வாசலில் ஈரத் தலையோடு நின்றாள். வெளுத்த மஞ்சள் புடவை. முகம் போன தடவை பார்த்ததைவிட ஒடுங்கியிருந்தது. உள்ளே அவள் அம்மா பேச்சியம்மா. முருகையா எனக்கு நாற்காலி போட்டார்.

நான் தொடங்கும் முன்பே அவர் தொடங்கினார். "அந்தப் பேப்பரைப் பார்த்து அசந்துட்டோம் சாரே. இவ தாத்தா அந்தக் காலத்துல வழி வெட்டும்போது, மரத்தடியில இருந்த நாகக் கல்லைத் தூக்கி அந்தாண்ட கடத்தி வெச்சாரு. எங்க லயத்துக்கு மட்டும்தான் தெரியும். டவுன் ஆஸ்பத்திரி மெஷினுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

பேச்சியம்மா தலையைக் குனிந்திருந்தார். கல்லைக் கடத்தியவர் அவருடைய தாத்தா.

இந்த இடத்தில் அவசரப்பட்டிருப்பேன். பாம்பாவது குறையாவது என்று சொல்ல வாய் வந்தது. சொல்லியிருந்தால் அது அவர்கள் நம்பிக்கையோடு நான் போடும் சண்டையாகியிருக்கும். ஆனால் பிழை அவர்கள் நம்பிக்கையில் இல்லை, என் வரியில் இருந்தது. அதை மட்டும் சொன்னேன்.

"அது பாம்பு இல்லைங்க. துத்தநாகம்னு ஒரு உலோகம். மலையாளத்தில் நாகம்னு சொல்வாங்க. இடம் போதாததால் நான் பாதியை வெட்டிவிட்டேன். தப்பு என்னுடையது."

முருகையா என்னை நம்பவில்லை. "எழுதினதும் நீங்க, இல்லேங்குறதும் நீங்க."

"ஆமா. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

பிறகு அவர், "அப்போ அந்த உலோகம் இவளுக்குக் கம்மியா? வித்துராவுல மாத்திரை கிடைக்குமே, வாங்கிரலாம்" என்றார்.

"ரத்தத்தில் சரியான அளவு இருக்கு. செல்லுக்குள்ள போக வேண்டிய இடத்துக்குப் போகலையோன்னு சந்தேகம். மாத்திரையை அள்ளிப் போட்டா வேற கெடுதல் வரும்."

முருகையா யோசித்தார். முகம் தெளிந்தது. "சாமான் எல்லாம் வித்துராவுல வந்து எறங்கியாச்சு. மலை ஏத்த வண்டி இல்ல. அதுதானே?"

அதைவிடச் சரியாக நான் இதுவரை சொன்னதில்லை. அதன் பிறகு எத்தனையோ குடும்பங்களிடம் அவர் வாசகத்தையே ஊர்ப் பெயரை மாற்றிச் சொல்லியிருக்கிறேன்.

பேச்சியம்மா முதல் முறையாக வாய் திறந்தார். "இது யார் வழியா வந்தது?"

"இரண்டு பேர் வழியாகவும். உங்களிடமிருந்து ஒன்று, இவரிடமிருந்து ஒன்று. ஒன்று மட்டும் இருந்தால் ஒன்றும் செய்யாதுன்னுதான் இப்போதைக்குத் தெரியும்."

அவர் மெதுவாகப் புருஷன் பக்கம் திரும்பினார். "கேட்டீயளா? ரெண்டு வாரமா ஒங்க தாத்தா ஒங்க தாத்தான்னு உசிரை வாங்குனீயளே. பாதிப் பாம்பு ஒங்க வீட்டுப் பாம்பு!"

சாந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஷைனிக்குப் பாதிதான் புரிந்தது, அவளும் சிரித்தாள். முருகையா, "சரி, சரி, சார் முன்னால வெச்சு வேண்டாம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அப்போ இதுதான் காரணம்னு உறுதியா?" என்று பேச்சியம்மா என்னைக் கேட்டார்.

இதற்கு ஆம் என்று சொல்வதில் எவ்வளவு வசதி! ஆம் என்றால் விரதம் அந்த நிமிடமே முடிந்திருக்கும். "இல்லை. இது சந்தேகம்தான். உறுதியாத் தெரியாது. ஆனா துடிப்பு ரொம்பக் குறைவா இருக்கிறது உறுதி. அதை உடனே பார்த்தாகணும்" என்றேன்.

பெட்டியைப் பொருத்த அவர் சம்மதித்தார். பிறகு ஒரு சிக்கல் வந்தது. மறுநாள் விடியும் முன் சாந்தி தலைக்குக் குளிக்க வேண்டும், விரதத்தில் அதை விட முடியாது. பெட்டியிலோ ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. நான் ஷைனியைப் பார்த்தேன். அவள் விரல் விட்டு மணியை எண்ணினாள்.

"இருபது மணிக்கூர் கிட்டும். மதி சாரே. ராத்திரி உறக்கம் முழுசும் அதில வருமல்லோ. குளிக்கிறதுக்கு முன்னே அவங்களே ஊரி எடுத்தா மதி."

இருபது மணி நேரப் பதிவு போதும், குளிக்கும் முன் அவர்களே கழற்றிவிடலாம் என்று அவள் சொன்னதில், குளியலும் பதிவும் ஒரே நாளில் அடங்கின. மருத்துவத்தில் நாலு மணி நேரத்தை விட்டுக்கொடுத்தோம் என்று நாங்கள் உணரவில்லை; விரதத்தை விட்டுக்கொடுத்தோம் என்று அவர்களும் உணரவில்லை. இரண்டு வேளையாவது சாப்பிட வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். பாலும் பழமும் சாப்பாட்டுக் கணக்கில் வராது என்று பேச்சியம்மாவே ஒரு வழி கண்டுபிடித்தார்.

ஷைனி நெஞ்சில் ஒட்டி வெளியே விட்ட வயர்களைப் பார்த்து சாந்தி சொன்னாள்: "யம்மா, அஞ்சு பாம்பு."

"சும்மா கெட பிள்ள!"

மறுநாள் மத்தியானத்துக்குள் முருகையா பெட்டியைக் கொண்டுவந்து சேர்த்தார். தலைவி திரையில் பதிவை ஓட்டினார். பகலில் துடிப்பு மெதுவாக, ஆனால் ஒழுங்காக வந்தது. தூங்கிய நேரத்துக்கு வந்ததும் கோடு நேராகப் போயிற்று. மலைமலையாக வந்துகொண்டிருந்தது திடீரென்று ஏரித் தண்ணீர் போல ஆயிற்று. நான் மூச்சை விடாமல் பார்த்தேன். பிறகு ஒரு துடிப்பு, தயங்கியபடி. அந்த ஒரு இரவில் அப்படிப் பல முறை. சில இடைவெளிகள் மிக நீளம். அந்த நேரமெல்லாம் அவள் ஏதாவது கனவில் இருந்திருப்பாள்.

"இன்னைக்கே கொண்டுவரணும்" என்றார் தலைவி.

ஆம்புலன்ஸ் வித்துரா வரைதான் வரும் என்றார்கள்; மேலே பஸ்ஸும் ஜீப்பும் தவிர வேறு வண்டி ஏறாது, சாலை அப்போது அவ்வளவு மோசம். முருகையாவும் நானும் அதில் வித்துரா போய், ஒரு ஜீப் பிடித்து மலை ஏறினோம். தூக்கத்தில் துடிப்பு நின்று நின்று வந்ததைப் பேச்சியம்மாவிடம் சொன்னேன். அவர் சாந்தியின் துணிகளை ஒரு பையில் மடித்து வைத்தார்.

"நீ போ. மிச்சம் இருபத்துநாலு நாளு. நான் இருந்து முடிச்சிக்கிடுதேன்."

"அம்மா, பாம்பு இல்லைன்னு சொன்னேனே" என்றேன்.

"உறுதியாத் தெரியாதுன்னும் சொன்னீய."

அதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. உங்களுக்கும் இருக்கக் கூடாது என்று நினைக்கிறேன். தெரியாது என்று நாம் சொல்லும்போது அந்த இடம் காலியாகிறது. அதில் என்ன வைப்பது என்பது அவர்கள் உரிமை.

ஜீப் இறங்கியது. பனியும் சாயங்கால வெயிலும் மாறி மாறி வந்தன. முன்னால் முருகையா, பின்னால் சாந்தியும் நானும். நாலாவது வளைவில் அவள் தலை சன்னல் பக்கம் சரிந்து, திடுக்கிட்டு நிமிர்ந்தது.

"சார், தூங்கும்போதுதான் நிக்கிதுன்னு அம்மாகிட்ட சொன்னீய. இப்போ தூக்கமா வருது. தூங்கலாமா?"

இத்தனை வருடத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் இதைவிடச் சின்னது இல்லை. தூங்கு என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. தூங்காதே என்றால் அவளைப் பயத்தில் உட்கார வைப்பேன். இத்தனை இரவும் தூங்கி எழுந்தவள்தானே என்று ஒரு மனம். மத்தியானம் திரையில் பார்த்த கோட்டை மறக்காத இன்னொரு மனம்.

"தெரியாதும்மா. வித்துராவில் ஆம்புலன்ஸ் நிக்கிது. அதில் மெஷின் இருக்கு, நர்ஸ் இருக்காங்க. அதில் ஏறினதும் தூங்கு. அதுவரைக்கும் பேசிட்டு வரலாமா?"

அவள் ஒப்புக்கொண்டாள். "அந்த நாகம், பாம்பு இல்லாத நாகம், அது எப்படி இருக்கும்?"

கையில் காட்ட ஒன்றும் இல்லை. பிறகு நினைவு வந்தது. "உங்க வீட்டுக் கூரைத் தகரத்தைப் பார்த்திருக்கியா? உள்பக்கம் பூப்பூவா, உறைஞ்ச மாதிரி ஒரு பளபளப்பு. துருப் பிடிக்காம இருக்க மேலே பூசியிருக்கிறது அதுதான்."

"அந்தப் பூவா?" அவள் முகத்தில் தூக்கம் கலைந்தது. "படுத்தா அதைத்தானே பார்ப்பேன். எண்ணுவேன். ஒரு தகரத்துல பெரிய பூவு, பக்கத்துத் தகரத்துல பொடிப் பூவு. அடுப்புப் பக்கம் எல்லாம் கருத்துப்போச்சு. எண்ணிட்டே இருப்பேன், எங்க விட்டேன்னு தெரியாது, விடிஞ்சிரும்."

வித்துரா வரைக்கும் அவள் கூரையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். எந்த மூலையில் எந்தப் பூ என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இடையில் குரல் தேயும். நான் "அப்புறம்?" என்பேன். முருகையாவும் முன்னாலிருந்து திரும்பிப் பார்க்காமல் "அப்புறம்?" என்பார். கடைசி வளைவுகளில் ஜீப் ஓட்டுநரும் எங்களோடு சேர்ந்துகொண்டார். ஆம்புலன்ஸில் நர்ஸ் மானிட்டரைப் பொருத்தியதும் அவள் கண்ணை மூடினாள். நகரம் வரும் வரை நாங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இரண்டு நாள் கழித்து பேஸ்மேக்கர் வைத்தார்கள். மருந்து மயக்கம் தெளிந்து, கஞ்சி குடித்து, நான் போனபோது சாந்தி வார்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். பகல் வெளிச்சத்தில் வாய் லேசாகத் திறந்திருந்தது. முருகையா சாப்பிடப் போயிருந்தார். அவர் என்னிடம் விட்டுச் சென்ற போன் அடித்தது. பேச்சியம்மா, ரேஞ்ச் கிடைக்கும் வளைவு வரை நடந்து வந்து பேசுகிறார்.

"முடிஞ்சுதா சார்?"

"நல்லபடியா முடிஞ்சுதும்மா."

"இப்போ என்ன செய்யுதா?"

"தூங்குறா."

அந்தப் பக்கம் காற்று மட்டும் கேட்டது. இணைப்பு போய்விட்டது என்று நினைத்து, பேசுவதற்காக அவளை எழுப்பட்டுமா என்று உரக்கக் கேட்டேன்.

"வேண்டாம் சார்" என்றார். "எழுப்பாதீய."